டவர் நின்ற பிறகும் செய்தி செல்ல: வட சென்னைக் கடலோரத்தில் ஒரு லோரா வலை

துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டின் எண்களைக் காசிமேட்டிலும் எண்ணூரிலும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 1 என்றால் தொலைவில் ஒரு புயல் சின்னம், 10 என்றால் பேரபாயம் என்பது கடலுக்குப் போகாத வீடுகளுக்கும் தெரியும். ஆனால் அந்த வரிசை 10உடன் முடிந்துவிடுவதில்லை. வானிலை எச்சரிக்கை மையத்துடனான தகவல் தொடர்பு அற்றுப்போய்விட்டது என்பதை அறிவிக்க 11ஆம் எண் கூண்டு இருக்கிறது. பேரபாயத்துக்கு அடுத்த படியாகத் தொடர்பின்மையை வைத்தவர்கள் கடலை நன்கு அறிந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். அந்த 11ஆம் எண் நிலையை மனத்தில் வைத்து, திருவொற்றியூர், எர்ணாவூர், எண்ணூர், மணலி புதுநகர் ஆகிய பகுதிகளைச் சேர்ந்த நாங்கள் சிலர் அமைத்த ஒரு சிறு வானொலிச் செய்தி வலையின் செய்முறையை இங்கே எழுதுகிறேன்.

2015 டிசம்பர் வெள்ளத்திலும், 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் கொட்டிய மழையிலும் தொலைபேசி ஓய்ந்துபோன விதம் ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் மின்சாரம் போகும். தண்ணீர் தேங்கிய தெருக்களில் பாதுகாப்புக்காகவே நிறுத்தவும் செய்வார்கள். செல்போன் கோபுரம் சில மணி நேரம் பேட்டரியில் ஓடும், பிறகு ஜெனரேட்டரில் ஓடும், ஜெனரேட்டருக்கு டீசல் கொண்டுவரும் வண்டி தண்ணீரைத் தாண்ட முடியாதபோது அதுவும் நின்றுவிடும். எஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு கோபுரங்களின் மேல் ஊர் முழுவதன் அழைப்புகளும் வந்து விழுவதால், திரையில் சிக்னல் கோடுகள் தெரிந்தும் அழைப்பு போகாது.

அரசின் எச்சரிக்கை ஏற்பாடுகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. 2004 சுனாமிக்குப் பிறகு, 2007இல் ஹைதராபாத்தில் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது; 2023இல் நாடு முழுவதும் செல் பிராட்காஸ்ட் சோதனை நடந்தபோது எல்லாருடைய கைப்பேசியும் ஒரே நேரத்தில் அலறியதை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். இவை அனைத்தும் மேலிருந்து கீழே வரும் செய்திகள். கீழிருந்து மேலே போக வேண்டிய செய்தி வேறு வகையானது. பூண்டியிலிருந்து உபரிநீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் தண்ணீர் ஏறும் என்பதை அதிகாரிகள் முன்கூட்டியே அறிவார்கள். ஆனால் மணலி புதுநகரில் ஒரு குறிப்பிட்ட தெருவில் அந்தத் தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது, அங்கே டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டியவர் யார், கைக்குழந்தை எத்தனை என்பதை அந்தத் தெருவில் இருப்பவர்தான் சொல்ல முடியும். 1913, 1070, 1077 என்று உதவி எண்கள் இருக்கின்றன. அந்த எண்களைச் சுழற்றுவதற்கு ஒரு தொடர்பு வேண்டும். எங்கள் வலை அந்த மேல்நோக்கிய செய்திக்காக மட்டுமே அமைக்கப்பட்டது, அதற்கு மேல் எதையும் அதன் தலையில் ஏற்றவில்லை.

சாட்டிலைட் போன் என்றுதான் எல்லாரும் முதலில் கேட்டார்கள். இந்தியாவில் அதை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம், எனவே அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. ஹாம் என்று அழைக்கப்படும் அமெச்சூர் வானொலி சிறந்த வழி என்பதில் எனக்கு ஐயமில்லை. 2004 டிசம்பரில் அந்தமானில் வானொலிப் பயணமாகப் போயிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும், சுனாமி தாக்கியபின் போர்ட் பிளேரிலிருந்து செய்திகளைக் கொண்டு சேர்த்தது அதற்குப் போதிய சான்று. ஆனால் அதற்குத் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். எங்கள் குழுவில் உரிமம் பெற்றவர் ஒருவர்தான். சுயஉதவிக் குழு அக்காமார்களும் மீனவ ஊர்ப் பஞ்சாயத்துக்காரர்களும் தாங்களே பயன்படுத்தக்கூடிய ஒன்று தேவைப்பட்டதால், குறைந்த திறனில் நெடுந்தொலைவு செய்தி அனுப்பும் லோரா வானொலிச் சில்லும் மெஷ்டாஸ்டிக் என்னும் கட்டற்ற மென்பொருளும் சேர்ந்த நோடுகளை, அதாவது செய்தியை வாங்கி அனுப்பும் சிறு கருவிகளை, தேர்ந்தெடுத்தோம். தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு போர்டு, ப்ளூடூத் வழியாகக் கைப்பேசியுடன் இணையும். சிம் வேண்டாம், இணையம் வேண்டாம். ஒரு நோடு பெறும் செய்தியை அடுத்த நோடு வாங்கித் திரும்ப ஒலிபரப்பும். குரல் போகாது, எழுத்து மட்டும்தான்.

இந்தியாவில் இதற்கான உரிம விலக்கு பெற்ற அலைவரிசை 865 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 2005ஆம் ஆண்டு அறிவிக்கை அனுப்பு திறனை 1 வாட் என்றும், ஒரு சேனலின் அகலத்தை 200 கிலோஹெர்ட்ஸ் என்றும் வரையறுத்தது. திறனைப் பற்றிக் கவலை இல்லை, எங்கள் சில்லின் உச்சமே 22 டி.பி.எம்., அதாவது ஏறத்தாழ 160 மில்லிவாட். கவனிக்க வேண்டியது அகலம்தான். மெஷ்டாஸ்டிக்கில் பெட்டியைத் திறந்தவுடன் இருக்கும் ‘லாங் ஃபாஸ்ட்’ அமைப்பு 250 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும். ஆகவே 125 கிலோஹெர்ட்ஸில் ஓடும் ‘லாங் மாடரேட்’ அமைப்புக்கு எல்லா நோடுகளையும் மாற்றினோம். வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தாலும், தொலைவு கொஞ்சம் கூடியது. சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக்கைப் படிக்கும் கருவிகளும் இதே அலைவரிசையில்தான் இயங்குகின்றன. கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடும் எங்கள் வட்டாரத்தில், ஒரு நோடை வைப்பதற்கு முன் அருகில் அப்படிப்பட்ட கருவி ஏதும் இருக்கிறதா என்று சுற்றிப் பார்த்துவிடுவது நல்லது.

ஆன்டெனாவுக்குத்தான் அதிக நேரம் செலவானது, செலவிட்டதும் சரிதான். போர்டுடன் வந்த ரப்பர் ஆன்டெனாவின் மேல் 868 என்று அச்சிட்டிருந்தது. நானோ வி.என்.ஏ. என்னும் கையடக்க அளவீட்டுக் கருவியில் பொருத்திப் பார்த்தபோது, ஆன்டெனா சிறப்பாக வேலை செய்யும் இடத்தைக் காட்டும் வளைகோட்டின் பள்ளம் 915 மெகாஹெர்ட்ஸுக்கு அருகில் விழுந்தது; எங்களுக்கு வேண்டிய 866இல் நிலை அலை விகிதம் (அனுப்பும் திறன் திரும்பி வருவதைக் காட்டும் அளவு, 1க்கு நெருங்க நெருங்க நல்லது) 3ஐத் தாண்டி நின்றது. வேறு சந்தைக்காகச் செய்த சரக்கின் மேல் லேபிளை மட்டும் மாற்றி ஒட்டியிருக்கிறார்கள் என்பது என் ஊகம். அதை ஒதுக்கிவிட்டு, கால் அலை நீள ஆன்டெனாக்களை நாங்களே செய்தோம். 300ஐ 866ஆல் வகுத்தால் அலை நீளம் 34.6 சென்டிமீட்டர், அதில் கால் பங்கு 8.66. கம்பியில் நடைமுறையில் இதைவிடச் சற்றுக் குறைவாகவே தேவைப்படும். ‘என்’ (N) வகை ஆன்டெனா சாக்கெட் ஒன்றின் நடு ஊசியில் ஒற்றை இழைச் செப்புக் கம்பியைப் பற்றவைத்து, நான்கு மூலைத் துளைகளிலும் 9 சென்டிமீட்டர் நீளத்தில் நான்கு கம்பிகளைத் திருகி, அவற்றை 45 பாகை கீழ்நோக்கி வளைத்தோம். அப்படி வளைத்தால்தான் மின்மறுப்பு போர்டுக்குப் பொருந்தும் 50 ஓமுக்கு அருகில் வரும். நடுக் கம்பியை 8.6 சென்டிமீட்டரில் விட்டு, ஒவ்வொரு மில்லிமீட்டராக நறுக்கிக்கொண்டே திரையைப் பார்த்தால், ஒவ்வொரு நறுக்கலுக்கும் அந்தப் பள்ளம் வலப்புறமாக நகர்ந்து வருவது தெரியும். 8.2ஐ நெருங்கும்போது 866இல் வந்து நின்றது, விகிதம் 1.3. கம்பியின் தடிமனைப் பொறுத்து இது மாறும் என்பதால், என் அளவை அப்படியே எடுத்துக்கொள்ளாமல் அளந்து நறுக்க வேண்டும். ஆன்டெனா பூட்டாமல் போர்டுக்கு மின்சாரம் கொடுக்கவே கூடாது. அனுப்பும் பகுதி எரிந்துபோக வாய்ப்புண்டு.

ஆன்டெனாவை மேலே வைத்துவிட்டு, போர்டை வீட்டுக்குள் வைத்துக் கேபிள் இழுக்கலாமே என்று ஒருவர் கேட்டார். கடையில் எளிதாகக் கிடைக்கும் ஆர்.ஜி.58 கேபிள், இந்த அலைவரிசையில் 6 மீட்டருக்குள்ளேயே பாதித் திறனைத் தின்றுவிடும். எனவே போர்டு, பேட்டரி, சார்ஜர் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அடைத்து, ஆன்டெனாவின் காலடியிலேயே பொருத்தினோம்.

மின்சாரக் கணக்கு இந்த வேலையின் உயிர்நாடி. புயல் நாளில் வெயிலை நம்ப முடியாது. வானம் இருண்டு கிடக்கும் ஒரு வாரம் முழுவதையும் பேட்டரியே தாங்க வேண்டும். இ.எஸ்.பி.32 சில்லு வைத்த மலிவான போர்டு ப்ளூடூத்துடன் ஏறத்தாழ 100 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. அதையே 6000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரியில் ஓட்டினால் 60 மணி நேரம், அதாவது இரண்டரை நாள். என்.ஆர்.எஃப்.52840 சில்லு வைத்த போர்டு எங்கள் அளவீட்டில் சராசரியாக 12 மில்லி ஆம்பியர்தான் எடுத்தது. அதே பேட்டரியில் 500 மணி நேரம், வெயிலே இல்லாவிட்டாலும் இருபது நாள். விலை கூடுதல்தான், ஆனாலும் மாடி நோடுகளுக்கு இதைத் தவிர வேறு எதையும் வைக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தேன். கையில் வைத்துக்கொள்ளும் நோடுகளுக்கு மலிவான போர்டு போதும், பவர் பேங்கில் ஓட்டிக்கொள்ளலாம்.

பேட்டரி வகையிலும் ஒரு தெரிவு உண்டு. மே மாதத்து மொட்டை மாடியில் மூடிய பெட்டிக்குள் இருக்கும் சூட்டில், லேப்டாப்பிலிருந்து கழற்றிய 18650 வகை லித்தியம் அயான் செல்களை வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது. லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் அந்தச் சூட்டை ஓரளவு பொறுத்துக்கொள்ளும், தீப்பிடிக்கும் வாய்ப்பும் மிகக் குறைவு. ஆனால் அதை முழுதாக ஏற்றும் மின்னழுத்தம் 3.65 வோல்ட்டுக்கு மேல் போகக் கூடாது. ரிச்சி தெருவில் கைநிறையக் கிடைக்கும் டி.பி.4056 சார்ஜர் 4.2 வோல்ட் வரை ஏற்றக்கூடியது, எனவே இங்கே அது ஆகாது. அதற்குப் பதிலாக சி.என்.3058 சில்லு வைத்த சார்ஜரைப் போட்டு, போர்டிலேயே உள்ள சூரியத் தகட்டு இணைப்பைத் தொடாமல் விட்டோம். இதில் ஒரு சிறு சங்கடம் உண்டு: கைப்பேசிச் செயலி பேட்டரி அளவை 4.2 வோல்ட் கணக்கில் காட்டுவதால், நன்றாக ஏறியிருக்கும் செல்லும் பாதிக்கு மேல் காலியானதுபோலவே தெரியும். இதைப் பார்த்து யாரும் பதறி மாடிக்கு ஓடாமல் இருக்க, சதவீதத்தை விட்டுவிட்டு வோல்ட்டை மட்டும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம்.

இடம் தேர்ந்தெடுக்கும்போது, சமவெளியாக இருக்கும் நம் ஊரில் உயரமே எல்லாம் என்பது விளங்கியது. தெருவில் கையில் பிடித்த இரண்டு நோடுகளுக்கு இடையே, கான்கிரீட் வீடுகள் குறுக்கிட்டால் ஒரு கிலோமீட்டர் கூடத் தேறவில்லை. நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து எண்ணூர் வரை ஐந்தாறு கிலோமீட்டர் தாராளமாகப் போனது. திருவொற்றியூர் மாடியில் முதலில் கிடைத்த இடம் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய கைப்பிடிச் சுவர். அங்கிருந்து எண்ணூர் நோடின் சிக்னல் இரைச்சல் விகிதம் மைனஸ் 14 டெசிபெல். எங்கள் அமைப்பில் மைனஸ் 17.5க்குக் கீழே போனால் செய்தி புரியாமல் போய்விடும் என்பதால், அது மயிரிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. இரண்டு அங்குல பி.வி.சி. குழாயில் ஏற்றி, தொட்டியின் தலைக்கு மேல் உயர்த்தியதும் மைனஸ் 6க்கு வந்துவிட்டது. ஆயிரம் லிட்டர் தண்ணீர் என்பது இந்த அலைக்கு ஒரு சுவர். பல மாடிகளைப் பார்த்து அலைந்ததில், கட்டட உரிமையாளரின் ஒப்புதல்தான் ஆன்டெனாவைவிட அரிய பொருள் என்றும் தெரிந்தது. சமுதாயக் கூடத்துக்கும் தேவாலயத்துக்கும் பொறுப்பானவர்கள் உடனே இசைந்தார்கள், அடுக்ககங்கள் கதிர்வீச்சு வருமா என்று கேட்டே காலத்தைக் கடத்தின.

கடலோரத்துக்கே உரிய பகைவன் உப்புக் காற்று. எர்ணாவூரில் வைத்த பெட்டியை மழைக்கு முன் திறந்தபோது, ஆன்டெனாவைத் திருகும் சிறிய எஸ்.எம்.ஏ. இணைப்பின் தங்க முலாம் பச்சை பூத்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் கூட இல்லை, ஈரக் காற்றே போதுமானதாக இருந்திருக்கிறது. அந்த இணைப்பை வெட்டிவிட்டு ‘என்’ (N) வகைக்கு மாற்றி, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, அதற்கு மேல் சாதாரணக் கறுப்பு டேப்பை வெயிலுக்காகச் சுற்றினோம். பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு ஒயரும் அடிப்பக்கமாக, ஒயரை இறுக்கிப் பிடிக்கும் கேபிள் கிளாண்ட் வழியாக, ஒரு தொங்கல் வளைவு விட்டே நுழைய வேண்டும்; மழைத்தண்ணீர் ஒயரைப் பிடித்துக்கொண்டு வந்து வளைவின் அடியில் சொட்டிவிடும். சூரியத் தகட்டை 13 பாகை அட்சரேகைக்கு ஏற்றபடி ஏறக்குறையப் படுக்க வைப்பதே பாடநூல் கணக்கு. எண்ணூர்ப் பக்கம் படியும் சாம்பல் தூசியைக் கருதி 25 பாகை சாய்த்தோம். மழை அதைக் கழுவிவிடும், டிசம்பர் வெயிலும் தெற்கே தாழ்ந்திருப்பதால் இழப்பு இல்லை.

கருவி ஓடத் தொடங்கியதும் தமிழ் எழுத்தே ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. ஒருங்குறியில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட் இடம் எடுக்கும். புள்ளியும் கொம்பும் தனித்தனிக் குறிகள். ‘தண்ணீர் ஏறுகிறது’ என்று எழுதினால் 46 பைட் ஆகிவிடும். ஒரு செய்திக்குக் கிடைப்பது 200 பைட் அளவுதான். அதைவிட முக்கியம், 100 பைட் செய்தி எங்கள் அமைப்பில் நான்கு விநாடி அலைவரிசையை அடைத்துக்கொள்ளும். மூன்று நோடுகள் அதைத் திரும்பச் சொல்லும்போது அத்தனை நேரமும் மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அவரவர் உறவினரை விசாரித்து எழுதத் தொடங்கினால் வலை மூச்சுத் திணறிவிடும். ஆகவே கூண்டு எண்ணுக்குப் பழகிய மக்களுக்கு எண்களையே கொடுத்தோம். முதல் எண் தெரு, இரண்டாவது தண்ணீரின் அளவு, மூன்றாவது தேவை. கணுக்கால் 1, முழங்கால் 2, இடுப்பு 3, மாடிக்கு ஏறிவிட்டோம் 4. தேவையில் படகு 1, மருந்து 2, குடிநீர் 3, பால் 4. ‘7-3-1’ என்றால் ஏழாம் தெருவில் இடுப்பளவு தண்ணீர், படகு வேண்டும். இது ஒன்றரை விநாடிக்குள் போய்விடுகிறது. இந்தப் பட்டியலை அச்சிட்டு, லேமினேட் செய்து, ஒவ்வொரு கை நோடின் கயிற்றிலும் கட்டியிருக்கிறோம். எழுதப் படிக்கத் தயங்கும் ஒரு பாட்டிதான் பயிற்சியில் எல்லாரையும்விட வேகமாக அனுப்பினார்.

திரும்பி வரும் செய்தியைத் தெருவுக்குச் சொல்வதற்கு மைக் செட்டைவிடச் சிறந்தது இல்லை. ஊர்ப் பஞ்சாயத்துக் கட்டடத்தில் கேட்பாரற்றுக் கிடந்த இரண்டு ஹார்ன்களில் ஒன்று பேசவில்லை. தண்டையார்பேட்டையில் மைக் செட் பழுது பார்க்கும் அண்ணன் யூனிட்டைத் திருகிக் கழற்றி, மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டு, “தம்பி, காந்தம் நல்லாத்தான் இருக்கு, டயாஃப்ரம்தான் போயிருக்கு, மாத்திட்டா பாடும்” என்றார். அதன் சுருள் டயாஃப்ரத்தோடு ஒட்டியே வருவதால், இரண்டும் சேர்ந்து ஒரே மாற்றுப் பொருள். காந்த இடைவெளியில் படிந்திருந்த துருத்தூளைச் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தால் ஒற்றி எடுத்த பிறகே அவர் புதியதைப் பொருத்தினார். ஒரு துகள் இருந்தாலும் சுருள் உரசிக் கரகரக்கும் என்றார். ஆம்ப்ளிஃபையருக்குப் பின்புறம் 12 வோல்ட் இணைப்பு இருந்ததால் கார் பேட்டரியிலேயே ஓடுகிறது. தரையில் வைத்த இன்வெர்ட்டர் பேட்டரிகள்தான் ஒவ்வொரு வெள்ளத்திலும் முதலில் மூழ்குகின்றன என்பதால், இந்தப் பேட்டரியைப் பரண்மேல் ஏற்றிவிட்டோம்.

வலையின் வெளிவாசல் மாதவரம் பக்கத்தில், தண்ணீர் தேங்காத தெருவில், ஒரு மூன்றாம் மாடியில் இருக்கிறது. அங்கே இருப்பவர் எண்களைத் தாளில் தெருவாரியாகத் தொகுத்து, தொலைபேசி இருந்தால் 1913க்குச் சொல்வார். இல்லாவிட்டால் எங்கள் உரிமம் பெற்ற நண்பர் 145 மெகாஹெர்ட்ஸில் நகரின் பிற அமெச்சூர்களை அழைப்பார். நூறு பேர் தனித்தனியாக அழைப்பதைவிட, ஒருவர் தெரு எண்ணோடு ஒரு பட்டியலைச் சொல்வது எதிர்முனையில் இருப்பவருக்கும் எளிது. கடந்த பருவமழையில் இரவு முழுவதும் மின்சாரம் இல்லாமல் போனபோது, தண்ணீர் அளவுகள் மட்டுமே வந்தன, படகு யாருக்கும் தேவைப்படவில்லை; செய்திகள் விடியும்வரை தடையின்றி வந்துகொண்டிருந்தன. மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றி, ப்ளூடூத்தை மட்டும் திரும்ப இயக்கி, ஆளுக்கு ஒரு எண் அனுப்புகிறார்கள். இதை விட்டுவிட்டால் கருவி அலமாரிக்குப் போய்விடும், கயிற்றில் கட்டிய பட்டியலை எலி கடித்துவிடும்.

இப்போதைக்கு எண்ணூர் முழுவதும் எர்ணாவூரின் ஒரே நோடைச் சார்ந்திருப்பது பெரிய குறை. காட்டுக்குப்பம் பக்கம் முகத்துவாரத்தைப் பார்த்தபடி இன்னொரு மாடி கிடைத்தால், அங்கிருந்து மணலி புதுநகருக்கு நேரடியாக ஒரு வழி திறக்கும் என்று வரைபடத்தில் தெரிகிறது. பெட்டியும் செல்லும் தயாராக இருக்கின்றன, ஆன்டெனாவை நறுக்கியாயிற்று. வீட்டுக்காரர் ஆடி முடியட்டும் என்றிருக்கிறார்.